வாய் திறக்க வழியில்லாத வைத்தியர்

வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் எனக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கலான மனு, அரச சேவையிலுள்ள நம் வாசகர்களைத் தொடும் கேள்வியை எழுப்புகிறது. வேட்புமனுக் கொடுத்தபோது அவர் அரச வைத்திய அதிகாரி என்பதே மனுவின் வாதம். வழக்கின் சரி பிழையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் சொல்லக்கூடியது இதுதான்: அரசியலமைப்பின் 91ஆவது உறுப்புரை, 1970 நவம்பர் 18இல் ஆண்டுக்கு 6,720 ரூபாவுக்குக் குறையாத ஆரம்பச் சம்பளம் இருந்த பதவிகளை வைத்துக் கோடு கிழிக்கிறது. அரை நூற்றாண்டு பழைய சம்பள ஏட்டைப் புரட்டித் தகுதி பார்ப்பது வேடிக்கைதான். ஆனாலும் கோட்டுக்குக் கீழே நிற்கிறோம் என்று நம்பி எந்த வைத்திய அதிகாரியும் வேட்புமனுவில் கையெழுத்திட வேண்டாம். முதலில் இராஜினாமா, பிறகு தேர்தல். வார்டில் நோயாளி வாக்காளராகத் தெரிந்துவிடுவாரோ என்பது நியாயமான அச்சம். அதை நாமும் ஏற்கிறோம்.

ஆனால் அர்ச்சுனா ஏன் அரசியலுக்குப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். 1931இல் மொரவக்கவில் வென்ற எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1956இல் நல்லூரில் வென்ற இ. எம். வி. நாகநாதனும் அரசியல் இயக்கங்களின் வழியாகச் சபைக்குப் போன வைத்தியர்கள். அர்ச்சுனாவை அனுப்பியது ஒரு முறைப்பாடு. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராக இருந்தபோது அதன் குறைகளை முகநூலில் பேசினார். 2024 ஜூலையில் ஊர் தெருவுக்கு வந்தது. நவம்பர் 14இல் 17ஆம் இலக்க சுயேச்சைக் குழுவிலிருந்து அவர் தெரிவானார். அவரது எல்லாக் குற்றச்சாட்டுகளையும் நாம் ஏற்கவில்லை, பேச்சு நடையையும் ஏற்கவில்லை. ஆனால் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் வைத்திய அதிகாரியின் வாயைக் கட்டிவைத்திருக்கும்வரை, மருந்து இல்லை என்பதைப் பகிரங்கமாகச் சொல்லத் தண்டனைப் பயமற்ற இடம் நாடாளுமன்றம் ஒன்றுதான். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறதே என்பார்கள். ஆனால் தண்டனையாக வரும் இடமாற்றக் கடிதத்தில் காரணம் எழுதப்படுவதில்லை. பிறகு எந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவது?

மலையகத்தில் இந்த ஊமைத்தனம் இன்னும் ஆழமானது. தோட்டப்புறங்களில் நோயாளி முதலில் பார்ப்பது வைத்திய அதிகாரியை அல்ல, தோட்ட டிஸ்பென்சரியிலிருக்கும் வைத்திய உதவியாளரை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது 1992இல் வந்த பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அவர் துண்டு எழுதினால், கம்பனிக்கு மலையில் ஓர் ஆள் குறைகிறது. எழுத மறுத்தால் அந்தப் பெண் கூடையோடு மலை ஏற வேண்டும். துண்டு எழுதும் கையும் செக்ரோல் (வருகைப் பதிவேடு) போடும் கையும் ஒரே எசமானுக்குக் கீழே. 91ஆவது உறுப்புரை இவரைத் தடுக்காது, ஏனெனில் இவர் அரச உத்தியோகத்தரே அல்ல. தேர்தல் கதவு திறந்திருக்கிறது. ஆனால் வேலை போனால் தோட்டக் குவார்ட்டர்ஸும் போகும் என்ற நிலையில் யார் அதில் நுழைவார்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்பது 1990களில் தொடங்கியது. இன்றுவரை அரைகுறை. 2017 மே மாதம் கிளங்கன் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் திறந்து வைத்தபோது மாலைகளுக்குக் குறைவில்லை. அதே நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட டிஸ்பென்சரிகளைப் பற்றி மட்டும் ஒவ்வோர் ஆட்சியும் “பரிசீலனையில்” என்கிறது. கம்பனியிடம் கேட்டால் அமைச்சைக் காட்டும், அமைச்சிடம் கேட்டால் கம்பனியைக் காட்டும்.

பொறுப்பேற்கப் பணமில்லை என்பது வழக்கமான பதில். கட்டடம் பிறகு வரட்டும். உதவியாளரின் நியமனத்தையும் சம்பளத்தையும் சுகாதார அமைச்சுக்கு மாற்றுவதை அதற்காகக் காக்க வைக்க வேண்டியதில்லை. சுகாதாரத்துக்கும் வெகுசன ஊடகத்துக்கும் இன்று ஒருவரே அமைச்சர்: நளிந்த ஜயதிஸ்ஸ, அவரும் வைத்தியராக இருந்து நாடாளுமன்றம் போனவர். தாபன விதிக்கோவை பொது நிருவாக அமைச்சின் கையில் இருப்பது நமக்கும் தெரியும். மருந்துத் தட்டுப்பாட்டையும் ஆளணிக் குறையையும் வெளியிடும் வைத்தியருக்கு விலக்களிக்கும்படி அமைச்சரவையில் கேட்பதற்கு அது தடையல்ல. அவர் கேட்க வேண்டும்.