உங்கள் வீட்டு மீன் திருஷ்டியால் சாகவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் வருஷம் முழுக்க ஒரே கதை ஓடுகிறது. கிரகப்பிரவேசம் முடிந்ததும் ஹாலில் மீன் தொட்டி படம் வரும். பத்து நாளில் "ரெண்டு மீன் செத்துப்போச்சு" என்று செய்தி வரும். உடனே ஒரு பெரியவர் எழுதுவார்: "கவலைப்படாதே, வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சு." கீழே வரிசையாகக் கும்பிடு. மறுநாள் புது மீன் வரும். அதுவும் சாகும்.

இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்வதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பதில் வந்த இடத்தில் "ஏன் செத்தது?" என்ற கேள்வி நின்றுபோகிறது. செத்ததே நல்ல சகுனம் என்று ஆகிவிட்டால், அப்புறம் யார் தண்ணீரைச் சோதிப்பார்கள்? இதில் லாபம் மீன் விற்கிறவருக்கு மட்டும்தான்.

காரணம் என்ன என்று சொல்கிறேன். இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நைட்ரஜன் சுழற்சி என்று பள்ளியில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடமே வாங்கியவர்கள். அந்தப் படம்தான் உங்கள் ஹாலில் கண்ணாடிக்குள் நடக்கிறது.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்; மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இதன் தீங்கு மிகக் குறைவு. விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கிலேயே இந்த பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதிய அளவு இருக்காது. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? காலையில் தொட்டி வாங்கி, மதியம் தண்ணீர் நிரப்பி, சாயங்காலம் பத்து மீனை விடுகிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலே சுமார் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் பத்து தங்கமீன். கழிவறை கட்டாத வீட்டில் பத்துப் பேரைக் குடிவைத்து, கதவைச் சாத்தியதற்குச் சமம்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்தே விற்கிறவர்கள் உண்டு. "மீனை விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார். செத்தபின் போனால் நீல நிற மருந்து பாட்டில் ஒன்றை நீட்டுவார். கண்ட மருந்தையும் ஊற்றினால் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் போய்விடும். எல்லாக் கடைக்காரரும் அப்படி இல்லை. "ஒரு மாசம் கழிச்சு வாங்க, மீன் தர்றேன்" என்கிறவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே வாங்குங்கள்.

"சார், பழைய மீன் நல்லாத்தான் இருக்கு. புதுசா விடறது மட்டும்தான் சாகுது. அப்போ ராசிதானே?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. பதில் ராசி இல்லை அம்மா. மாதக்கணக்கில் தண்ணீரை மாற்றாமல், குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பினால் கழிவும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். உள்ளே இருக்கிற மீனுக்கு அது மெல்ல மெல்லப் பழகிவிடும். வெளியிலிருந்து வருகிற மீனுக்கு அது ஒரே நொடியில் விழுகிற அடி. பழைய மீன் உயிரோடு இருப்பதால் மட்டும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

எப்போது சாகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைக்கும்.

விட்ட அன்றே, மறுநாளே செத்தால்: குளோரின், அல்லது வெப்பநிலை, பி.எச். திடீரென மாறிய அதிர்ச்சி. பையில் வந்த தண்ணீரையும் சேர்த்துக் கொட்டினீர்களா என்றும் பாருங்கள். கொளத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரும்வரை அந்தப் பைக்குள்தான் மீன் கழித்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாளிலிருந்து பத்து நாளுக்குள் செத்தால்: பெரும்பாலும் அம்மோனியா. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருக்கும்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து என்றால்: நைட்ரைட், அல்லது புது மீனோடு வந்த நோய். உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஒட்டுண்ணி.

நம் பகுதிக்கென்றே சில சங்கதிகள் உண்டு. கடலோரம் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மையும் கூடுதல். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷப் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகிறது. இதற்குப் பயந்து சிலர் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறார்கள். அதில் தாது உப்பு மிகக் குறைவு; பி.எச். நிலையாக நிற்காது. கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால் கேட்கவே வேண்டாம். மாமல்லபுரம் பாறைக் குழியில் பிடித்த கடல்மீன் குஞ்சைப் பாட்டிலில் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரில் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நல்ல தண்ணீரில் அது பிழைக்காது. பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

அடுத்து நம் "சுத்தம்". ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொட்டியைக் காலி செய்து, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பளிச்சென்று புதுத் தண்ணீர். நீங்கள் கழுவிக் கொட்டியது அழுக்கை மட்டும் இல்லை, ஒரு மாதமாக வளர்ந்த பாக்டீரியாவையும்தான். மறுபடியும் முதல் நாள்.

தீனி விஷயமும் அப்படித்தான். திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் ஆளாளுக்குப் பொரி போட்டாலும் அவ்வளவு பெரிய குளம் தாங்கும். உங்கள் 50 லிட்டர் தாங்காது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும்.

"எங்க தாத்தா கிணத்துல மீன் விட்டாரு, எந்தச் சோதனையும் பண்ணல, நல்லாத்தான் இருந்துச்சு" என்பீர்கள். உண்மைதான். அந்தக் கிணற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருந்தது. பாசியும் சேறும் இருந்தன. விட்டது நாலு மீன். தாத்தா செய்யாத வேலையைக் கிணறு செய்தது.

நீலாங்கரை வழியாக ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போகாதவர் நம்மில் யாருமில்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் வன்னமெய் தாய் இறால்களை அந்த நீலாங்கரையில்தான் தனியே வைத்து, நோய் இல்லை என்று பார்த்தபிறகு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கடற்கரையில் இருக்கும் பொரிப்பகங்களில் கடல்நீரை வடிகட்டி, குளோரின் போட்டு, அதை நீக்கிய பிறகுதான் குஞ்சை விடுவார்கள். முட்டுக்காட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவா மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்துகாட்டியது. இவ்வளவும் நம் வாசலில் நடக்க, நாம் படிகாரமும் எலுமிச்சையும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"மீன்தானே சார், தட்டுல வச்சுச் சாப்பிடறோமே" என்று ஒருவர் எழுதுவார். வஞ்சிரம் வறுவல் எனக்கும் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பிடிப்பது வேறு. அழகுக்கு வாங்கி, பத்து நாள் மூச்சுத் திணற வைத்து, குப்பையில் போட்டு, அடுத்ததை வாங்குவது வேறு. இதைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் பிள்ளை. உயிர் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், காரணம் தேட வேண்டியதில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் டப்பாவில் மீனை அன்பளிப்பாகக் கொடுக்கிறவர்களும் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை விடுங்கள். பென்சில் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. தொட்டி வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். நன்றாக ஓடுகிற தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் சீக்கிரம் தயாராகும்.
2. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனை கிட் காட்டிய பிறகு இரண்டே மீன் விடுங்கள். மற்றவை வாரங்கள் கழித்து.
3. குழாய்த் தண்ணீருக்கு ஆன்ட்டி குளோரின் சொட்டு போடுங்கள்.
4. பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.
5. ஏற்கெனவே மீன் இருந்தால் புதியதை இரண்டு, மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள்.
6. வாரம் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.
7. வளர்க்க முடியவில்லை என்றால் கொளவாய் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். "டேங்க் கிளீனர்" மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது.

ஒரு மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை என்றால், மீன் வேண்டாம். சுவரில் படம் மாட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தொட்டியின் அளவு, எத்தனை மீன், எந்தத் தண்ணீர், எத்தனையாவது நாள் செத்தது, இந்த நான்கையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். ராசி, நட்சத்திரம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்