கரகரப்பு அழகு இல்லீங்க, அது நம்ம அலட்சியம்

கொஞ்ச நாளா ஒரு வியாதி பரவிட்டு வருது மக்களே. பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரைத் தூசி தட்டி எடுக்க வேண்டியது, கையில் கிடைத்த மைக்கைச் சொருக வேண்டியது, ஆச்சியைப் பாட வைத்துப் பதிய வேண்டியது. போட்டுக் கேட்டால் குரல் எங்கோ கிணத்துக்குள்ளே கிடக்கும், அதுக்கு மேல 'உஸ்ஸ்ஸ்'னு ஒரே இரைச்சல். உடனே ஒரு பதிவு: "ஆஹா, அந்தக் காலத்து டேப்பின் ஆன்மா!"

ஆன்மாவாவது, மண்ணாங்கட்டியாவது! மைக்கைக் கொண்டுபோய் லைன்-இன் ஓட்டையில் சொருகியிருக்கீங்க. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. சொல்றேன். 1992, தக்கலை பக்கத்தில் எங்க குடும்பக் கோயில் கொடை. வில்லுப்பாட்டு பாட வந்த புலவர் கிழவனார், குரல் வெண்கலம். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டு வந்த டூ-இன்-ஒன்னில் பதியலாம்னு ஏற்பாடு. மைக் செட்காரர் ஆம்ப்ளிபயரின் லைன்-அவுட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, டூ-இன்-ஒன்னின் மைக் சாக்கெட்டில் செருகினார். நான் சந்தேகமாப் பாத்தேன். "பின்னு கேறிச்சில்லா? பெறவு என்னடே?" என்றார். நானும் வாயை மூடிக்கிட்டேன்.

90 நிமிஷக் கேசட் மூணு. மறுநாள் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் கிழிஞ்ச முறம் மாதிரி. குடம் எது, உடுக்கை எது, குரல் எதுன்னு பிரிக்க முடியல. ரெண்டு வருஷத்தில் புலவர் போய்ச் சேர்ந்தார். வேறு பதிவு கிடையாது. இப்ப என்ன சாப்ட்வேர் போட்டாலும் அது ஊகம்தான். பதியாத குரல் திரும்பி வராது.

நடந்தது என்ன? நாம் கையில் பிடிச்சுப் பாடுற சாதா டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட். லைன்-அவுட் தருவது அதைப் போல நூறு மடங்கு, சில சமயம் அதுக்கும் மேலே. மைக் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் முதல் ஆம்ப்ளிபயர் அதைத் தாங்காது, அங்கேயே குரல் நசுங்கிடும். ரெக்கார்டிங் லெவல் குமிழ் பெரும்பாலான டெக்குகளில் அதற்குப் பிறகுதான் வருது. குறைச்சு வச்சா நசுங்கின குரல் மெதுவாக் கேக்கும், அவ்வளவே.

இதுக்கு மருந்து ஒரு டீ காசு பெறாது. வயரில் தொடராக ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், மைக் சாக்கெட் பக்கத்தில் எர்த்துக்குக் குறுக்கே ஒரு 1 கிலோ ஓம். சிக்னல் நூறில் ஒரு பங்காகிடும். (மைக் செட்டின் ஸ்பீக்கர் லைனில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அதில் 100 வோல்ட் வரைக்கும் ஓடும்.) தலைகீழாக, மைக்கை லைன்-இன்னில் பதியணும்னா நடுவில் ஒரு சின்ன மிக்சர் வேணும். இல்லேன்னா நீங்க கேக்கிறது ஆன்மா இல்லை, பற்றாக்குறை.

இன்னொரு கூத்து, இன்றைய செல்போன் காலர் மைக்கைப் பழைய டெக்கில் சொருகுவது. அந்த மைக்குக்கு வேலை செய்யவே சின்ன மின்னழுத்தம் வேணும். பழைய டெக்குகள் பலதும் அதைத் தராது. பின்னிலும் நாலு வளையம், சாக்கெட்டுக்கு அது புரியாது. சத்தம் வரலைன்னதும் "டெக் செத்துப்போச்சு"ன்னு ஆக்கர்கடைக்குப் போடுறாங்க. பாவம், அது நல்லாத்தான் இருக்கு.

டூ-இன்-ஒன்னில் லெவல் குமிழே இருக்காது, ஆட்டோமேட்டிக். குடத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் மெஷின் பயந்து சத்தத்தைக் குறைக்கும், பாடுறவர் குரலும் கூடவே அமுங்கும். அவர் மூச்சு விட்டால் ஃபேன் சத்தம் மேலே ஏறும். மைக்கைக் குடத்திலிருந்து தள்ளி, பாடுறவர் வாய்ப் பக்கம் வைக்கிறது ஒண்ணுதான் வழி.

"ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டிலேயே கேசட்டில் பதிஞ்சாரே?"ன்னு ஒருத்தர் வருவார். ஆமாம், 1982-இல் 'நெப்ராஸ்கா'. டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ, ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக். அந்த மெஷின் மைக் சொருகுவதற்கென்றே செஞ்சது. சாமான் எளிமை, இணைப்பு சரி. நாம் எளிமையை மட்டும் காப்பியடிச்சு இணைப்பை விட்டுட்டோம்.

டேப்புக்குன்னு ஒரு இரைச்சல் உண்டு, ஒத்துக்கறேன். அது அதன் பிறவிக்குணம். அதுக்கு மேலே நம்ம சோம்பேறித்தனத்தையும் பதிஞ்சுட்டு அழகுன்னு பேர் வைக்காதீங்க. பாட ஆள் வரும் முன்னாடி ஒரு நிமிஷம் பதிஞ்சு, ஹெட்போனில் கேளுங்க. பழைய டெக் இன்னொண்ணு கிடைக்கும். ஆச்சி கிடைக்க மாட்டா.

டிஸ்கி: அந்த மூணு கேசட்டும் இன்னும் என்கிட்ட இருக்கு. வருஷா வருஷம் கொடை அன்னிக்கு ஒருதரம் போட்டுக் கேப்பேன். அழகுக்காக இல்லை, புத்தி வரட்டும்னு :-)