பழைய ஜீப்பு வீட்டுக்கு வருமுன்...

விம்கோ நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் வீட்டுக்காரருக்குப் பழைய ஜீப்பு ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டுமாம். மாமியார் ஊர் ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. கடைசி ஐந்து கிலோ மீட்டர் மண் பாதை. சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் கையில் இருக்கிறது. என் வளையல்களை அடகு வைத்தால் இன்னும் ஒன்றரை லட்சம் கிடைக்கும். இரண்டு குழந்தைகள்; சின்னவனுக்கு ஒன்றரை வயது. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சரி என்பதா, வேண்டாம் என்பதா?"

எல்லாம் சரி சகோதரி, அந்த "ஒன்றும் தெரியாது" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்! புடவைக் கடையில் முந்தானையை மட்டும் பார்த்துவிட்டா பணம் கொடுக்கிறோம்? உள்பக்கம் திருப்பி, இழை விலகியிருக்கிறதா, சாயம் போகுமா என்று பார்ப்பதில்லையா? கத்தரிக்காயைக் கூடக் காம்பைத் தூக்கிப் பார்த்துத்தானே கூடையில் போடுகிறோம்! பழைய வண்டி வாங்கவும் அந்தக் கண்தான் வேண்டும். என்ஜினை மெக்கானிக் பார்க்கட்டும். மற்றதை நீங்கள் பாருங்கள். போகிறது உங்கள் வளையல் அல்லவா?

தேவையா, ஆசையா?

சாதாரணக் காரில் என்ஜினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். சேற்றில் அந்த இரண்டும் சுழன்றுவிட்டால் வண்டி நின்றுவிடும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில், கியர் தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தண்டு இருக்கும். சில புது வண்டிகளில் பொத்தான். அதைப் போட்டால் முன் சக்கரங்களுக்கும் சக்தி போகும். மண் பாதை, மணல், வழுக்குகிற மலை ஏற்றம் இவற்றுக்குத்தான் அது.

தார் ரோட்டில் அது தேவையே இல்லை. பழைய ஜீப்பு, ஜிப்ஸி போன்றவற்றில் காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு ஓட்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள்தான் கெடும்.

நம் பக்கம் எப்படி? 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. பட்டணத்துக்குள் போய்வர ஜீப்பு வேண்டாம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினம் அதை ஓட்டுவதும் சுகமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் மலைக்குப் போவீர்கள் என்றால், மலையடிவாரம் வரை பஸ், அங்கிருந்து வாடகை ஜீப்பு என்று போவது எவ்வளவோ மலிவு. மாதம் ஒரு முறை போகிறீர்கள், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும் என்றால் பேச்சு வேறு. போன வருஷம் எத்தனை தடவை ஊருக்குப் போனீர்கள்? காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணுங்கள், விடை வந்துவிடும்.

"மழை வெள்ளத்தில் உதவுமே" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நாலு சக்கர இழுவை தரையைப் பிடிக்கத்தான் உதவும். தண்ணீரில் ஓடமாக மாறாது. ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டடி இருந்தால் ஜீப்பையும் அடித்துக்கொண்டு போகும். காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால் என்ஜினே போச்சு!

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஜீப்பு மாதிரி இருப்பதெல்லாம் நாலு சக்கர இழுவை ஆகிவிடாது. பொலீரோவில் பெரும்பாலானவை இரண்டு சக்கர இழுவைதான். தார் வண்டி 2010ல் வந்தது. 2020ல் புது உருவம் எடுத்தது. 2023 முதல் அதிலும் இரண்டு சக்கர இழுவை வகை விற்கிறார்கள். மாருதி ஜிப்ஸி 1985ல் வந்து, 2019 வாக்கில் நின்றுபோனது. ஆகவே இன்று விற்பனைக்கு வருகிற ஜிப்ஸி எல்லாமே பழசுதான்.

எப்படிச் சோதிப்பது? காலியான மண் தரைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சின்னத் தண்டைப் போட்டு மெதுவாக நகர்த்தினால், மண்ணை முன் சக்கரமும் பறிக்க வேண்டும். '4எல்' என்று எழுதிய நிலையில் வண்டி ஆமை மாதிரி, ஆனால் பலமாக நகர வேண்டும். சில பழைய வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழை இறங்கிப் போய்க் கையால் திருப்பினால்தான் முன் இழுவை வேலை செய்யும். அது துருப்பிடித்து இறுகியிருக்கும். "அதெல்லாம் வேலை செய்யும் சார், இப்ப எதுக்கு?" என்று விற்கிறவர் நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள். நாலு டயரும் ஒரே அளவாக, ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று நமக்குத் தெரியும். வண்டியும் இரும்புதானே! மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். குனிந்து அடியில் பாருங்கள். வண்டியின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற சேஸிஸ் சட்டம்தான் முக்கியம். ஸ்குரூ டிரைவர் பிடியால் அங்கங்கே தட்டச் சொல்லுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. சத்தம் மழுங்கினால், செதில் உதிர்ந்தால், உள்ளே துரு அரித்திருக்கிறது. அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் முழுகின. கழுவித் துடைத்து விற்பவர்கள் உண்டு. இதற்கு நம் மூக்கே போதும். மழைக் காலத்தில் பெட்டியில் பூத்துப்போன பட்டுப்புடவை வாசனை தெரியுமில்லையா? கதவு, ஜன்னல்களை அரை மணி மூடி வைத்துவிட்டுத் திறந்தால் அந்த வாசனை வரும். காலடி விரிப்பைத் தூக்கி மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுங்கள். முன் விளக்குக் கண்ணாடிக்குள் நீர் பூத்திருந்தாலும் சந்தேகம்தான்.

மெக்கானிக்குக்கு எங்கே போவது என்கிறீர்களா? எண்ணூரில் லாரித் தொழிற்சாலை. 1956 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். மிஷினோடு பிறந்து வளர்ந்த ஊர் இது! ரிடையரான பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். "ஐயா, ஒரு வண்டி பார்க்கணும், கூட வர முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டு அழைத்துப் போங்கள். விற்கிறவர் காட்டும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

காகிதம்தான் பாதி வண்டி

ஆர்.சி.யின் அசலைக் கேளுங்கள். அதிலுள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பார்க்கலாம். கடன் வாங்கிய வண்டி என்றால், பாங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம். பிறகு சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இதன் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். பசுமை வரி தனி. "14 வருஷ வண்டி, மலிவு" என்றால் அடுத்த வருஷச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தில்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து வடக்கேயிருந்து மலிவாக வண்டிகள் வருகின்றன. அந்த ஊர் அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். இங்கே மறுபடி வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். எல்லாம் கூட்டினால் மலிவு மறைந்துபோகும்.

ராணுவ ஏலத்தில் எடுத்தது, இங்கே உடலை மாற்றிக் கட்டியது என்று ஆசை காட்டுவார்கள். தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் எதுவும் நமக்கு வேண்டாம்.

கடைசியாக, பெயர் மாற்றம். படிவம் 29ம் 30ம் விற்கிறவர் கையெழுத்தோடு வர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தம் பேருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி, வண்டி மோதி நசுங்கினால் உங்களுக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். நீங்கள் ஏதாவது விற்றாலும் இதே கவனம் வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புரோக்கரிடம் வாங்கினால், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகள் எங்கே உட்காரும்?

பழைய ஜீப்பில் பின்னால் எதிரெதிரே நீளப் பலகை, பெல்ட் கிடையாது. சடன் பிரேக் போட்டால் குழந்தை பறந்துவிடும். மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாலும் எந்தத் தாயின் கையும் அந்த வேகத்தைத் தாங்காது. முன் சீட்டில் மடியில் வைப்பது அதைவிட ஆபத்து. முன்பக்கம் பார்த்த பின் சீட்டு, பெல்ட், சின்னவனுக்குக் குழந்தை இருக்கை. இந்த மூன்றும் இல்லாத வண்டியை விலை கேட்காமலே விட்டுவிடுங்கள். 14 வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலையிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

புகைக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூடிய வண்டியில் தூங்குகிற குழந்தைக்கு அது எமன்.

கணக்குப் பார்ப்போமா?

கையில் நாலு லட்சம் என்றால் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் விலை பேச வேண்டாம். மீதி டயர், பேட்டரி, பிரேக், ஆயில், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது! பழைய பெட்ரோல் வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். சாமான் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். ஆனால் பிரேக் சாமான் பழசு வேண்டாம்.

லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 800 கிலோ மீட்டர் ஓடினால், லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் தருகிற ஜிப்ஸிக்கு 8,000 ரூபாய். 20 தருகிற சின்னக் காருக்கு 4,000. வருஷத்துக்கு 48,000 ரூபாய் வித்தியாசம்! வளையல்களின் அடகு வட்டியை இதோடு சேர்த்து எழுதி, "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று அவர் கையில் கொடுங்கள். கோபமில்லாமல் பேச நல்ல வழி இது.

கணக்குக் கட்டுப்படியாகி வாங்குவதென்றே முடிவானால், என் யோசனை இதுதான். சீட்டுப் பணத்துக்குள் அடங்குகிற வண்டியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் பொறுங்கள். வளையலை வைத்தே தீர வேண்டும் என்றால், ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கட்டும். 2021 முதல் ஆர்.சி.யில் வாரிசுதாரர் பெயரும் சேர்க்கலாம். அந்த இடத்தில் அவர் பெயரை எழுதுங்கள். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? குடும்பச் சொத்துதானே!

வண்டி வந்த பிறகு கடற்கரை ஈர மணலில் மட்டும் இறக்க விடாதீர்கள். தப்பித் தவறி இறங்கினால், அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் வரை கழுவிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கிய மற்ற சகோதரிகள் தங்கள் செலவுக் கணக்கை எழுதி அனுப்பலாம். வரும் இதழ்களில் பார்ப்போம்.