வேம்படிக் கோயில்

வேளச்சேரியினின்று தாம்பரம் நோக்கி வரும் நெடுஞ்சாலையில், பள்ளிக்கரணையை அடுத்து, வேப்பமரம் ஒன்றன் அடியில் ஓர் அம்மன் கோயில் உளது. கோயில் எனினும், ஓராள் குனிந்தன்றி உட்புக இயலாத சிறு மாடமே அது. யான் ஏறிவந்த பேருந்து பழுதுற்றமையால், ஒரு மாலைப் பொழுதில் அதன் எதிரே அரைமணி நேரம் நிற்க நேர்ந்தது. மஞ்சள் பூசிய கல், எலுமிச்சம்பழம் செருகிய சூலம், காற்றுக்கு மறைத்த அகல்விளக்கு; வேறொன்றுமில்லை. கணிப்பொறி நிறுவனத்துப் பணியாளர் என்பதைக் கழுத்துப்பட்டையால் அறிவித்த நங்கை ஒருத்தி வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, பத்து எண்ணும் அளவு கண்மூடி நின்று, குங்குமமிட்டுக்கொண்டு விரைந்தாள். லாரி ஓட்டிவந்த ஒருவரோ நிறுத்தாமலே நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போயினார்.

ஜப்பானியரின் ஷிந்தோ கோயில்களைப் பற்றிப் படித்தது அப்பொழுது நினைவிற்கு வந்தது. டோக்கியோ மாநகரில் செல்வம் கொழிக்கும் கின்சா வட்டாரத்தில், கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்தொன்றில் தோயோஇவா இனாரி என்னும் சிறு கோயில் உண்டு. இத்தகைய கோயில்களில் வழிப்போக்கர் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கி அகல்வர். அங்கும் பத்து எண்ணும் பொழுதுதான்.

நிற்க. இச்சிறு கோயில்கட்குப் பகை இரண்டு. சாலையை அகலப்படுத்தல் ஒன்று. பக்தர்தம் ஆர்வம் மற்றொன்று. முன்னதை யாவரும் பேசுவர். பின்னதே கொடிதென்பது என் கருத்து. பளிங்குப் பலகை, கம்பிக்கதவு, தகரக்கூரை, ஒலிபெருக்கி, உபயதாரர் பெயரே ஒளியை மறைக்கும் குழல்விளக்கு என ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து, இறுதியில் வேரைச் சுற்றிச் சிமிட்டி பூசப்படுகிறது. மழைநீர் புக வழியின்றி மரம் வாடுகிறது.

பொதுவழிகளில் புதிய வழிபாட்டிடங்கள் எழுப்பலாகாதென 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அது முறையே. பழையனவற்றைத் தனித்தனியே ஆராயும் பொறுப்பை மாநில அரசுகட்கு விட்டது. அவ்வாராய்ச்சியில் சுவரின் வயதைக் கேட்போர் மரத்தின் வயதையும் கேட்டல் வேண்டும். ஜப்பானிய அரசாங்கம் 1906-இல் ஊர்க்கோயில்களை ஒன்றாய் இணைக்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய 70,000 கோயில்கள் மறைந்தன. அவற்றைச் சூழ்ந்த சோலைகள் பல வெட்டி விற்கப்பட்டன. மினகத்தா குமகுசு என்னும் இயற்கைநூலறிஞர் அதனைக் கடுமையாக எதிர்த்து, 1910-இல் சிறையும் புகுந்தார். கோயில் போனால் சோலை போம், சோலை போனால் ஊரார் ஒற்றுமையும் போம் என்பது அவர் வாதம்.

நம் தொண்டை நாட்டிலும் ஏரிக்கரையிலும் ஊரெல்லையிலும் அம்மனை நிறுத்துதல் பண்டை வழக்கம். ஏரிகள் தூர்ந்தபின்னும் அவள் மாத்திரம் நிற்கும் இடங்கள் இப்பக்கத்தில் பல. பெருங்குடிக் குப்பைமேட்டால் குறுகிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு 2022-இல் ராம்சார் சிறப்புக் கிட்டியது. சாலையோர வேம்பிற்கு அவ்வகைப் பட்டயம் ஏதுமில்லை. மஞ்சள் பூசிய ஒரு கல்லே அதற்குக் காவல்.

கிறிஸ்தவனாகிய நினக்கு இதில் என்ன எனச் சிலர் வினவலாம். 1937-இல் நம் கல்லூரி தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபெயர்ந்தமையால், மரநிழலிலே பாடம் கற்றவன் யான், அக்கடன் எனக்குண்டு.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். வரும் ஆடித் திருவிழாவிற்குள் கூரையை நீட்டப்போவதாகவும், அதற்காகப் பெரிய கிளையை வெட்ட வேண்டுமென்றும் கூறினார்.

"கிளையும் அம்மனுடையதுதானே, பாட்டி?" என்றேன்.

"அம்மா வேண்டாம்னா விட்டுடுவோம், தம்பி. தகரம் வாங்கிக் கொடுத்தவரு கேக்கணுமே!" என்றார்.