நஷ்ட வாரத்தை யார் சுமப்பது?

2023 ஏப்ரல் 16 அன்று நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் 13,981-ஆவது காட்சியோடு ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’ என்ற இசை நாடகம் நின்றுபோனது. 1988 ஜனவரியில் தொடங்கி, கொரோனா காலத்து மூடல் நீங்கலாக, 35 ஆண்டுகள் ஒரே மேடையில் நடந்த நாடகம் அது. நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் வேறெந்த நாடகமும் அவ்வளவு காலம் ஓடியதில்லை. அங்கே மட்டும் சுமார் இரண்டு கோடிப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். 130 கோடி டாலருக்கு மேல் வசூலாகியிருக்கிறது. மூடப்போகிறோம் என்று 2022 செப்டம்பரில் அறிவித்ததும் டிக்கெட் விற்பனை எகிறியது. பிப்ரவரியில் முடிய வேண்டியதை ஏப்ரல் வரை நீட்டித்தார்கள். கடைசி வாரத்தில் வசூல் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. இவ்வளவு பேர் பார்க்கத் துடிக்கும் ஒரு நாடகத்தை ஏன் மூட வேண்டும்? ரசனை மாறிவிட்டது என்றார்கள் சிலர். தொழிற்சங்கங்கள் கேட்கும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நெடுங்காலம் ஓடும் ஒரு நாடகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வேறொன்று என்பது என் வாதம். கூட்டம் குறையும் வாரங்களின் நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களே, அதுதான் அந்த ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஃபாண்டம் மூடும் தறுவாயில் அதன் வாரச் செலவு சுமார் 9.5 லட்சம் டாலர் என்று நியூயார்க் செய்தித்தாள்கள் எழுதின. மெஜஸ்டிக் அரங்கில் ஏறத்தாழ 1,600 இருக்கைகள். வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஒரு இருக்கைகூட காலியில்லாமல் விற்றால் சுமார் 12,800 டிக்கெட்டுகள். அப்போதும் ஒரு டிக்கெட் சராசரியாக 74 டாலருக்குப் போனால்தான் கைக்காசு போகாமல் தப்பலாம். முக்கால் அரங்கு நிறைந்தால் சராசரி 99 டாலராக வேண்டும். தள்ளுபடி டிக்கெட், குழுவாக வருவோருக்கான சலுகை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு எட்ட வேண்டிய சராசரி இது. அரங்கில் 700 பேர் இருந்தாலும் 1,600 பேர் இருந்தாலும் நடிகர்கள், 27 பேர் கொண்ட வாத்தியக் குழு, மேடைப் பணியாளர்கள், உடை பராமரிப்போர் என ஏறத்தாழ 125 பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நாடகத்தில் வரும் ஒரு டன் எடையுள்ள சரவிளக்கு யாருக்காகவும் பாதி உயரத்தில் நிற்காது. 1988-ல் இந்த நாடகத்தை மேடையேற்றப் போட்ட முதல் சுமார் 80 லட்சம் டாலர். அந்தத் தொகை 2022-ன் ஒன்பது வாரச் செலவுக்குக்கூடப் போதாது. பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஐந்து மாதம்தான் தாங்கும். நாடகத்தைத் தொடங்குவதற்கான பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தொடர்ந்து நடத்துவதுதான் பெரிய செலவு.

இந்தச் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு 1966-லேயே வில்லியம் பௌமால், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் விளக்கம் தந்துவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஒருவர் செய்யும் வேலையின் அளவு ஆண்டுக்காண்டு கூடுகிறது. அதற்கேற்ப ஊதியமும் கூடுகிறது. இரண்டரை மணி நேர இசை நாடகத்தை அதே 27 பேர் அதே இரண்டரை மணி நேரம்தான் வாசிக்க முடியும். ஆனால் வாத்தியக்காரரும் அதே ஊரில் வாடகை கொடுத்து வாழ வேண்டியவர். அவருடைய ஊதியம் மற்றவர்களுடையதோடு சேர்ந்து ஏறித்தான் தீர வேண்டும். அவர் பேராசைக்காரரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. நேரில் நிகழும் கலைக்கு இயல்பாகவே உள்ள செலவு இது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் தொழிற்சங்கத்தின் மேல் பழி போடுகிறார்கள். அந்தச் சங்கமும் விட்டுக்கொடுக்காமல் இருந்ததில்லை. 2003 மார்ச்சில் வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பிராட்வேயின் இசை நாடகங்கள் ஏறத்தாழ முழுவதும் நான்கு நாட்கள் நின்றுபோயின. முடிவில், மிகப் பெரிய அரங்குகளில் இருக்க வேண்டிய வாத்தியக்காரர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை 24, 26 என்ற அளவிலிருந்து 18, 19 என்ற அளவுக்கு இறங்கியது. அதாவது, வெட்டு முதலில் விழுந்தது வாசிக்கும் கைகளின் மேல்.

இனி மற்றப் பங்குதாரர்களைப் பார்க்க வேண்டும். பிராட்வேயில் உள்ளவை 41 அரங்குகள். அவற்றில் பெரும்பாலானவை மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. நாடகம் நடத்துபவர் கட்டட உரிமையாளருக்கு வாடகை கொடுக்கிறார். அதற்கு மேல் மொத்த வசூலில் ஒரு பங்கும் கொடுக்கிறார். அரங்கின் ஊழியர் செலவும் நாடகத்தின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. பராமரிப்புக் கட்டணம் என்று ஒவ்வொரு டிக்கெட்டிலும் தனியாக ஒரு தொகை உண்டு. பங்கு போடுவது லாபத்திலிருந்து என்றால் நியாயம். அது வசூலிலிருந்து என்பதால், நாடகம் நஷ்டத்தில் ஓடும் வாரத்திலும் அந்தப் பங்கு போய்ச் சேர்கிறது. போதாததற்கு, வசூல் ஒப்பந்தத்தில் சொன்ன தொகைக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து போனால் நாடகத்தை வெளியேற்றும் உரிமையும் உரிமையாளருக்கு வழக்கமாக உண்டு. எழுதியவர், இசையமைத்தவர், இயக்கியவர், வடிவமைத்தவர் ஆகியோரின் ராயல்டியும் முன்பு வசூலின் மேல்தான் கணக்கிடப்பட்டது. அதில் பிறகு மாற்றம் வந்தது. வாரச் செலவு போக மிஞ்சுவதில் எல்லோருக்கும் விகிதப்படி பங்கு, மெலிந்த வாரத்தில் ஒரு குறைந்தபட்சத் தொகை மட்டும் என்ற முறையைப் படைப்பாளிகள் பலர் ஏற்றுக்கொண்டார்கள். படைத்தவர்களே இறங்கி வந்த பிறகு, கட்டடம் வைத்திருப்பவர் மட்டும் இறங்கி வராமல் இருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நீண்ட காலம் தாக்குப்பிடித்த நாடகங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1996 நவம்பரில் மறுமேடையேறிய ‘சிகாகோ’ இன்று பிராட்வேயில் ஓடிக்கொண்டிருப்பவற்றில் மூத்தது. அதில் பிரம்மாண்டமான அரங்க அமைப்பு எதுவும் இல்லை. வாத்தியக் குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். நடிகர்களுக்குக் கறுப்பு உடை. 2003-ல் அது சிறிய அம்பாசடர் அரங்குக்குக் குடிபெயர்ந்தது. கூட்டம் மந்தமாகும்போது பிரபலமான ஒருவரைச் சில வாரங்களுக்கு நடிக்க வைக்கிறார்கள். பிறந்த அன்றே செலவைச் சிறிதாக வைத்துக்கொண்டதால் மெலிந்த வாரம் அதைச் சாய்ப்பதில்லை. இன்னும் சிறிய உதாரணம் ‘தி ஃபாண்டாஸ்டிக்ஸ்’. 1960 மே முதல் 2002 ஜனவரி வரை, பிராட்வேக்கு வெளியே சுமார் 150 இருக்கைகளே கொண்ட ஓர் அரங்கில், பியானோவும் ஹார்ப்பும் மட்டும் துணையிருக்க 17,162 காட்சிகள் நடந்தன. மறுபக்கம் ‘தி லயன் கிங்’ இருக்கிறது. அது பெரிய நாடகம், செலவும் பெரிது. ஆனால் தயாரிப்பும் உரிமையும் டிஸ்னியிடமே இருக்கின்றன. 1997 முதல் 2006 வரை நடந்ததும் டிஸ்னியே நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில்தான். டிக்கெட் விலையையும் அவர்கள் நிதானமாகக் கையாண்டார்கள். மற்ற வெற்றி நாடகங்கள் 400 டாலருக்கு மேல் விற்றபோது, 227 டாலரை உச்சமாக வைத்துக்கொண்டே 2013-ல் வசூலில் முதலிடம் பிடித்தார்கள். குடும்பத்தோடு வருபவர் நான்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய நாடகத்தில் விலையை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் நாடகமும் இந்தக் கணக்கில் சிக்கியிருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, ஃபாண்டத்தைப் படைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பரே தயாரித்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூனில் லண்டன் அப்போலோ விக்டோரியாவில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2004 ஏப்ரலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே போட்ட முதல் சுமார் 1.4 கோடி டாலர். 284 காட்சிகளோடு 2005 புத்தாண்டு தினத்தில் முடிந்தது. அது சுமார் 35 வாரம். அதற்குள் முதல் திரும்பியிருக்க வேண்டுமானால் செலவு போக வாரத்துக்கு 4 லட்சம் டாலர் மிஞ்சியிருக்க வேண்டும். பாட்டு நன்றாக இருந்ததா என்ற கேள்விக்கும் இந்தக் கணக்குக்கும் அதிகத் தொடர்பில்லை. 1,700-க்கும் மேல் இருக்கைகள் கொண்ட பிராட்வே அரங்கை வாரத்துக்கு எட்டு முறை நிரப்புவது, எவ்வளவு நல்ல பாட்டுக்கும் பெரும்பாடு.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது லண்டன்தான். அங்கே 1986 அக்டோபரில் தொடங்கிய ஃபாண்டம் இன்றும் நடக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 ஜூலையில் மறுபடி திறந்தபோது வாத்தியக் குழுவை 27 பேரிலிருந்து 14 பேராகக் குறைத்தார்கள். வாத்தியக்காரர் சங்கம் எதிர்த்தது, பலன் இல்லை. குறைத்தது உயிரோடு இருக்கிறது, குறைக்காதது மூடிவிட்டது. அப்படியானால் வெட்டுவதுதானே வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு ஊர்களுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. லண்டனில் அந்த நாடகம் நடக்கும் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கு லாயிட் வெப்பரின் நிறுவனத்துக்கே சொந்தம். வாடகை எந்த வீட்டிலிருந்து போகிறதோ அதே வீட்டுக்குத் திரும்புகிறது. 1985 முதல் லண்டனில் ஓடும் ‘லே மிசரபில்’ நாடகத்தின் தயாரிப்பாளர் கேமரன் மக்கின்டோஷ். அது நடக்கும் சோந்தைம் அரங்கும் அவருடைய நிறுவனத்துடையது. நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கோ ஷூபர்ட் நிறுவனத்தின் சொத்து. மூடும் முடிவைத் தயாரிப்பாளர்தான் எடுத்தார், உண்மை. ஆனால் மெலிந்த வாரத்தில் ஒரே கையில் நஷ்டமும் வாடகையும் இருக்கும் லண்டன் வசதி அங்கே அவருக்கு இல்லை. லண்டனில் நாடகத்தைக் காப்பாற்றியது 13 வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது மட்டும்தான் என்று சொல்பவர்கள், இந்த ஒரு காரணத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறார்கள். குறைத்ததால் கேட்பவருக்குக் கிடைப்பதும் குறைகிறது. அந்த நாடகத்துக்கு வருபவர் பெரிய வாத்தியக் குழு நேரில் எழுப்பும் ஒலிக்காகத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறார்.

பழையது போனால்தானே புதியதற்கு இடம் என்பது இன்னொரு வாதம். 41 அரங்குகளில் ஒன்றை 35 ஆண்டுகள் ஒரே நாடகம் பிடித்துக்கொண்டிருந்தால் இளம் இசையமைப்பாளர் எங்கே போவார்? இதில் எனக்கு மறுப்பில்லை. எந்த நாடகத்துக்கும் சாகாவரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்தது என்ன? மெஜஸ்டிக் அரங்கு பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்து, 2024 டிசம்பரில் அங்கே தொடங்கியது ‘ஜிப்ஸி’. அது 1959-ல் முதலில் மேடையேறிய நாடகத்தின் மறுவடிவம். 2025 ஆகஸ்டில் அதுவும் முடிந்துவிட்டது. புதியவர்களுக்குக் கதவு திறந்ததாகத் தெரியவில்லை. பிராட்வேயில் ஐந்து நாடகங்களில் ஒன்றுதான் போட்ட முதலை எடுக்கிறது என்பது அந்தத் தொழிலில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. வசூலின் மேல் வாடகைப் பங்கு என்ற ஏற்பாடு பழைய நாடகத்தை நெரிப்பதைவிடப் புதிய நாடகத்தைத்தான் அதிகமாக நெரிக்கிறது. ஃபாண்டத்துக்காவது முப்பது ஆண்டு லாபம் பின்னால் இருந்தது.

கட்டடச் சொந்தக்காரரும் வரி கட்டுகிறார், நூறாண்டுப் பழைய கூரையைப் பழுதுபார்க்கிறார், அரங்கு காலியாகக் கிடக்கும் மாதங்களின் நஷ்டத்தைத் தாங்குகிறார் என்பதும் சரியே. அதனால்தான் வாடகையை ஒழிக்கச் சொல்லவில்லை. அடிப்படை வாடகை இருக்கட்டும். அதற்கு மேல் உள்ள பங்கை வசூலிலிருந்து லாபத்துக்கு மாற்றினால் போதும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவருக்கு இன்று கிடைப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம். சுற்றுலாப் பயணிகள் வராத ஜனவரியிலும் செப்டம்பரிலும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். நல்ல வாரங்களின் லாபத்தில் ஒரு பகுதியை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் மெலிந்த மாதங்களுக்கென ஒதுக்கிவைப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். 2016-ல் ‘ஹாமில்டன்’ தயாரிப்பாளர்கள், அந்த நாடகத்தை உருவாக்கிய முதல் நடிகர் குழுவுக்கு லாபத்தில் பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். லாபத்தில் நடிகர்களுக்குப் பங்கு கொடுக்க முடிந்த தொழிலில், நஷ்டத்தில் கட்டடத்துக்குப் பங்கு கொடுக்கவும் முடியும். நல்ல நாடகம் ஒன்று தள்ளாடும்போது வெட்டு முதலில் வாடகைப் பங்கில் விழ வேண்டும். அதன் பிறகு ராயல்டியில். வாத்தியக் குழுவின் நாற்காலிகளில் கடைசியாக.