நாற்பது சதவீதம் தடையாகக் கூடாது

எழுதும்போது கை இறுகும் பாதிப்புள்ள விகாஷ் குமாருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்வதை எழுதும் உதவியாளர் மறுக்கப்பட்டார். 40 சதவீத ஊனம் என்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவு. தேர்வு உதவிக்கு அது நிபந்தனையாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் இதைத் தம் தேர்வு விதிகளிலேயே எழுத வேண்டும்.

உதவியாளர் வேண்டுபவரிடம் மருத்துவச் சான்று கேட்பது தவறல்ல. ஆனால் விழுப்புரம் மாவட்டக் கிளியனூர் மாணவி ஒருவர் அதற்காக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனால், உடன் செல்லும் உப்பளத் தொழிலாளியான தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். நிரந்தரப் பாதிப்புள்ளவரிடம் பருவத்துக்குப் பருவம் புதுச் சான்று கேட்பது கொடுமை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தால் போதும். அட்டை இல்லாதவருக்கு, சேர்க்கை நாட்களில் கல்லூரியிலேயே மருத்துவ முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.