அத்தை போட்ட தையல்

அத்தை பையன் சான் ஓசேயில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். சனி, ஞாயிறு வந்தால் யோசமிட்டி போய்ப் பாறையில் தொங்குகிறான். எல் கேபிடன் என்று சுமார் 900 மீட்டர் செங்குத்துக் கல். 1958-ல் வாரன் ஹார்டிங் கோஷ்டி முதலில் ஏறியது. நம்மாள் அதில் ஒருமுறை விழுந்திருக்கிறான். அத்தைக்குத் தெரியாது.

லீவில் திருச்சி வந்தபோது பெட்டியில் தையல் பிரிந்த நாடா ஒன்று. ‘பை வாரும்மா’ என்று புளுகிவிட்டான். அத்தை சும்மா இருப்பாளா? மடித்து, மெஷினில் நாலு வரிசை ஓட்டி, இஸ்திரியும் போட்டு வைத்துவிட்டாள். கிளம்பும் நாள் அதைப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்தது. என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனான்.

"ஸ்க்ரீமர் மச்சான் இது. யேட்ஸ் கம்பெனி. தையல் பிரியணும்னுதான் போட்டிருக்கு!"

நான் பி.காம். மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

ஏறுகிறவன் பாறை இடுக்குகளில் நட், கேம் என்று உலோகத் துண்டுகளைச் செருகி, ஸ்லிங் வழியாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே போவான். விழுந்தால் அந்தத் துண்டுதான் தாங்க வேண்டும். பெரிய நட் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். நகம் சைஸ் நட் இரண்டு, மூன்றுதான். விழுகிற வேகத்தில் அதைவிட அதிகம் வந்துவிடும். இந்த நாடா சுமார் 2 கிலோநியூட்டன் இழுப்பில் ஒவ்வொரு தையலாகப் பிரிந்து அதிர்ச்சியைத் தின்கிறது. முழுக்கப் பிரிந்தாலும் நாடா அறாது. ஆனால், மறுபடி தின்னாது.

"எல்லா இடத்திலேயும் இதையே மாட்டேன்?"

"கனம் மச்சான், விலை வேற. பிரியப் பிரிய இன்னும் கொஞ்சம் கீழே போவோம், காலடியில திட்டு இருந்தா கஷ்டம். நல்ல நட்டுக்குச் சாதா ஸ்லிங் போதும். சந்தேகமான நட்டுக்கு இது. அப்புறம், ஏற ஆரம்பிச்ச இடத்துக்குப் பக்கத்துல."

அதே 4 மீட்டர் விழுந்தாலும், 40 மீட்டர் கயிறு வெளியே இருந்தால் அது நீண்டு கொடுக்கும். 5 மீட்டர்தான் இருந்தால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். கைகாலால் ஏறுகிற டிராட் பாணிக்கு இவ்வளவு போதும். செருகின துண்டிலேயே ஏணி மாட்டி நிற்கிற எய்ட் பாணியில் வரிசையாக மட்டமான துண்டுகள். ஒன்று பிடுங்கினால் ஜிப் மாதிரி மற்றதும் வரும். அங்கே இன்னும் குறைந்த இழுப்பில் பிரிகிற மாடல் வேண்டும். 2 தாங்குகிற நட்டில் 2-ல் பிரிகிற தையல் எதற்கு? பார்ட்டி திவாலான பிறகு நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி.

"சரி, அத்தை தையல் எத்தனையில பிரியும்?"

"அம்மா தைச்சதாச்சே. நட்தான் பிரியும்."

கீழே போய்க் கத்தரிக்கோல் கேட்டான். நாடாவை நாலு துண்டாக்கினான்.

"நல்லாத்தானேடா தைச்சேன், ஏன் வெட்டுற?" என்றாள் அத்தை.

பயல் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன்.